சப் போர்டு (நின்றபடி துடுப்பு போடும் அலைப்பலகை): பழைய 10 அடியா, புதிய 8 அடியா? செராத்திங், டெசாரு அலைக்கு எது சரி?

#1 பிடோக் துடுப்பு

வணக்கம். என் எடை 78 கிலோ. கையில் இருப்பது 2009 வாக்கில் வந்த வடிவம்: நீளம் 10 அடி, அகலம் 31 அங்குலம், தடிமன் 4½ அங்குலம், கன அளவு 175 லிட்டர், எடை 13 கிலோ. அடிப்பக்கம் நடுவில் 9 அங்குல ஃபின் (செதில்), இரு பக்கமும் சின்ன ஃபின். இப்போது செகண்ட் ஹேண்டில் 8 அடி 2 அங்குல நீளம், 30 அங்குல அகலம், 118 லிட்டர் போர்டு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. நோஸ் (முன்முனை) மழுங்கல், டெயில் (பின்முனை) அகலம், ஐந்து ஃபின் பாக்ஸ் (ஃபின் மாட்டும் குழி).

நவம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை மலேசியக் கிழக்குக் கரையில் செராத்திங், டெசாரு. மற்ற மாதங்களில் சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட்டில் பயிற்சி. பாலி போகும் எண்ணமும் உண்டு. பழையதை விற்றுவிட்டு இதை வாங்கலாமா? எந்த அலையில் எது, ஏன் என்று பிரித்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

#2 பத்தடி

விற்காதீங்க. நம்ம பக்கத்துல கிடைக்கிற அலை என்னன்னு முதல்ல பாருங்க. செராத்திங் பாயிண்ட்ல இடுப்பளவு அலை, சாய்வு கம்மி, இடதுபக்கமா நீளமா ஓடும். நடுவுல ஒரு இடத்துல அலை தட்டையாகி, கொஞ்சம் தள்ளி மறுபடி எழும்பும். 10 அடி போர்டு அந்தத் தட்டையான இடத்தைத் தன் வேகத்துலயே கடந்து போயிடும். 8 அடி அங்கயே உக்காந்துடும். துடுப்பைப் போட்டுத் தள்ளினாத்தான் அடுத்த பகுதிக்குப் போய்ச் சேரலாம்.

அலையைப் பிடிக்கிறதுலயும் வித்தியாசம் பெருசு. நீளமான போர்டுல அலை உடையறதுக்கு முன்னாடியே, அது வெறும் மேடா இருக்கும்போதே ஏறிடலாம். நின்னுக்கிட்டு இருக்கிறதால வர்ற அலை தூரத்துலயே தெரியும். அதுதான் சப்போட முழு பலமும். குட்டைப் போர்டு வாங்கறவங்க அந்தப் பலத்தை விட்டுக்கொடுத்துட்டு, படுத்துத் துடுப்பு போடறவங்களோட அதே இடத்துல போட்டி போடறாங்க.

13 கிலோ கனம்தான், ஒத்துக்கறேன். ஆனா காற்று அடிக்கும்போது அந்தக் கனம் குட்டி அலையை அமுக்கிக்கிட்டுப் போகும். 8 கிலோ போர்டு ஒவ்வொண்ணுக்கும் துள்ளும்.

#3 கிழக்குக் காற்று

பத்தடி அண்ணன் சொன்னதில் முக்கால் பங்கு சரி. ஆனால் "நீளம் எதிர் குட்டை" என்று பார்த்தால் விஷயம் பிடிபடாது. பழைய வடிவத்துக்கும் புதியதுக்கும் உள்ள வேறுபாடு, அகலமும் லிட்டரும் போர்டில் எங்கே வைக்கப்பட்டிருக்கின்றன என்பதுதான்.

சர்ஃபர்களான லேர்ட் ஹாமில்டனும் டேவ் கலாமாவும் ஹவாயில் நின்று துடுப்பு போடுவதைப் பிரபலப்படுத்தியபோது கையில் இருந்தவை பெரிய லாங்போர்டுகள் (நீளமான சர்ஃப் போர்டுகள்). அதனால் கடைக்கு வந்த முதல் தலைமுறை சப்களும் ஊதிப் பெருத்த லாங்போர்டுகளே. அகலம் முழுக்க நடுவில். நோஸும் டெயிலும் குறுகல். ரெயில் (பக்க விளிம்பு) தடிமனாக, உருண்டையாக. நடுவில் 31 அங்குலம் இருந்தாலும், டெயில் முனையிலிருந்து 1 அடி மேலே அளந்தால் 16, 17 அங்குலம்தான் தேறும். துடுப்பு போடும்போது கால் நடுவில் இருப்பதால் அசையாமல் நிற்கும். அலையில் ஏறித் திருப்புவதற்காகப் பின்னால் போனதும் காலடியில் அகலம் இல்லை. டெயில் அமிழ்ந்து வேகம் போய்விடும்.

புதிய வடிவத்தின் வேர் உண்மையில் பழையது. பாப் சிம்மன்ஸ் 1940களில் கலிஃபோர்னியாவில் செய்த அகல டெயில் போர்டுகள் தண்ணீரை வெட்டிக்கொண்டு போகாமல் அதன் மேல் வழுக்கிக்கொண்டு ஓடின. அந்த எண்ணத்தைச் சப்புக்குக் கொண்டுவந்தவர்கள் செய்தது இதுதான்: மிதப்புக்கு உதவாத கூர் நோஸை வெட்டிவிட்டு, இரு பக்க ரெயிலையும் கிட்டத்தட்ட இணைகோடாக ஓடவிட்டார்கள். 8 அடியிலேயே நோஸில் 20, 21, டெயிலில் 18 முதல் 20 அங்குலம் கிடைக்கிறது. கால் வைக்கும் இடம் எல்லாம் அகலம்.

கணக்குப் போட்டால் இன்னும் தெளிவாகும். 1 மீட்டர் அலை ஏறத்தாழ 1.3 மீட்டர் ஆழத்தில் உடையும். அந்த ஆழத்தில் அலையின் வேகம் நொடிக்கு 3.6 மீட்டர், அதாவது மணிக்கு 13 கி.மீ. உடையாமல் இன்னும் வெளியே, 2.5 மீட்டர் ஆழத்தில் இருக்கும்போது மணிக்கு 18 கி.மீ. தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும்போது 10 அடி போர்டுக்கு இயல்பாக எட்டும் வேகம் மணிக்கு 7.8 கி.மீ. அளவு, 8 அடிக்கு 7. இரண்டும் அலையைவிட மெதுவு. மீதி வேகத்தை அலையின் சாய்வுதான் தர வேண்டும். நீளப் போர்டுக்குக் கொஞ்சம் சாய்வு போதும், அதனால் வெளியிலேயே ஏறிவிடும். குட்டைப் போர்டுக்கு அதிகச் சாய்வு வேண்டும், அதனால் உள்ளே வந்து பிடிக்க வேண்டும். ஆனால் சாய்வு கிடைத்ததும் அகல டெயிலும் தட்டை அடியும் சட்டென்று மேலெழுந்து ஓடும். குறுகல் டெயில் போர்டு அந்த நேரத்தில் இன்னும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருக்கும்.

இதை டெசாருவில் வைத்துப் பாருங்கள். மணல் கடற்கரை, அலை எழுந்த வேகத்தில் உடையும், பல சமயம் முழு நீளமும் ஒரே நேரத்தில் சரியும். வடகிழக்குப் பருவக்காற்று கிளப்பும் அலைக்கு இடைவெளி பெரும்பாலும் 7 முதல் 9 நொடி. வெள்ளை நுரையைத் தாண்டி வெளியே போக உங்களுக்குக் கிடைப்பது அந்த நொடிகள்தான். 10 அடி, 13 கிலோ போர்டை அதற்குள் திருப்பி, நுரைக்கு நேராக நிறுத்தி, நோஸைத் தூக்க வேண்டும். கொஞ்சம் குறுக்கே திரும்பிவிட்டால் நுரை போர்டைப் பிடுங்கிக்கொண்டு கரைக்குப் போகும். ஏறும்போதும் சிக்கல்: அலை முகம் வளைவாக இருக்கும், போர்டு நீளமாக, நேராக இருக்கும், நோஸ் அடியில் போய்க் குத்தும். 8 அடி அந்த வளைவுக்குள் அடங்கும்.

ஆக என் கருத்து: டெசாருவுக்குப் புதியது. செராத்திங் சின்னதாக இருக்கும் நாளில் பழையது, நெஞ்சளவுக்கு மேல் போனால் புதியது. காற்று ஏறிய ஈஸ்ட் கோஸ்ட் பயிற்சிக்கு இரண்டும். பாலியைப் பற்றி அடுத்து எழுதுகிறேன்.

#4 நீரோட்டம்

குறுக்கே ஒரு கேள்வி. என் எடை 56 கிலோ. "எடையை 1.5 ஆல் பெருக்கு, அத்தனை லிட்டர் போதும்" என்று எல்லாரும் சொல்கிறார்கள். அப்படிப் பார்த்தால் 84 லிட்டர். 7 அடி 6 அங்குலம், 27 அங்குல அகலம், 82 லிட்டர் போர்டு ஒன்று பார்த்தேன். இது சரியா? பிடோக் துடுப்பு பார்க்கும் போர்டுக்கும் அதே விகிதம்தான் வருகிறது.

#5 கிழக்குக் காற்று

விகிதத்தை மட்டும் நம்பாதீங்க அக்கா. மிதக்க எத்தனை லிட்டர் போகிறது, மிச்சம் எத்தனை என்று பாருங்கள்.

உங்கள் எடை 56, போர்டு 7½, துடுப்பும் உடையும் 1½. மொத்தம் 65 கிலோ. கடல்நீர் லிட்டருக்கு 1.025 கிலோ. ஆக 63½ லிட்டர் மூழ்கியே இருக்கும். 82 லிட்டரில் மிச்சம் 18½. பிடோக் துடுப்புக்கு 78, 8½, 1½. மொத்தம் 88 கிலோ, 86 லிட்டர் மூழ்கும். 118 லிட்டரில் மிச்சம் 32. விகிதம் ஏறத்தாழ ஒன்றுதான், ஆனால் உங்கள் மிச்சம் அவருடையதில் பாதிக்குச் சற்றே மேல்தான். அலை உங்கள் எடையைப் பார்த்துச் சின்னதாக வருவதில்லை. அதே குட்டி அலை போர்டின் ஒரு மூலையை அழுத்தும்போது 18 லிட்டர் சீக்கிரம் தீர்ந்துவிடும், மேல்தளம் தண்ணீருக்குள் போய்விடும்.

அதோடு 27 அங்குலம் காற்று இல்லாத காலை நேரத்துக்குத்தான். நம் பருவக்காற்றில் 28½ முதல் 29 அங்குலம், 90 முதல் 95 லிட்டர் எடுத்தால் நின்று அலை பார்க்கவே பலம் மிச்சம் இருக்கும். அலைக்கு நடுவில் விழுந்து ஏறி விழுந்து ஏறித் தொடை ஓய்ந்துபோனால், நல்ல அலை வரும்போது துடுப்பு போட ஆள் இருக்காது.

இன்னொன்று: அகலம் காப்பது பக்கவாட்டு ஆட்டத்தை மட்டும். குட்டைப் போர்டு முன்னும் பின்னும் ஆடும். அதற்கு அகலம் உதவாது, நிற்கும் முறைதான் உதவும். இரண்டு காலையும் ஒரே கோட்டில் வைக்காமல், பின்காலை அரை அடி பின்னால் இழுத்து, பாதத்தைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி நிற்க வேண்டும். முன்பின் ஆட்டத்தை முழங்காலில் வாங்கிக்கொள்ளலாம். அலை வந்ததும் பாதி நிலை மாறியே இருக்கும்.

#6 எப்பாக்சி

செகண்ட் ஹேண்ட் என்றதால் சொல்கிறேன். வடிவம் எல்லாம் அப்புறம். முதலில் போர்டு உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

எடை தராசு கொண்டுபோங்கள், பெட்டிக்கு மாட்டும் கொக்கித் தராசு போதும். ஃபின், லீஷ் (காலோடு கட்டும் கயிறு) கழற்றிவிட்டு எடை போடுங்கள். தயாரிப்பாளர் சொன்ன எடையை விட அரை கிலோ வரை கூட இருந்தால் பெயிண்ட், பேட் (கால் வழுக்காத மெத்தை) என்று விடலாம். 1 கிலோவுக்கு மேல் என்றால் உள்ளே தண்ணீர், அல்லது பெரிய ரிப்பேர். இரண்டில் ஒன்று.

நிற்கும் இடத்தில், கைப்பிடியின் இரு பக்கமும், கட்டைவிரலால் அழுத்துங்கள். உள்ளே போய்த் திரும்பினால் போர்டின் வெளித்தோல் உள்ளே இருக்கும் ஃபோமை விட்டுப் பிரிந்துவிட்டது. பேட் ஒட்டிய இடத்தில் விரலுக்குத் தெரியாது, காசால் தட்டுங்கள். நல்ல இடத்தில் சத்தம் கணீர் என்று இருக்கும், பிரிந்த இடத்தில் மொத்தென்று இருக்கும்.

ஃபின் பாக்ஸைச் சுற்றி மயிரிழை விரிசல். ஃபினைப் போட்டு, கையால் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். விரிசல் வாய் திறந்தால் வேண்டாம். கைப்பிடிக் குழியின் மூலை, லீஷ் பிளக், டெயில் முனை மூன்றும் தண்ணீர் நுழையும் இடங்கள். டெயில் முனையைத் தரையில் ஊன்றி ஊன்றி நிறுத்தியிருப்பார்கள்.

வென்ட் ஸ்க்ரூ (உள்காற்றை வெளியே விடும் திருகாணி) கட்டாயம் பாருங்கள். உள்ளே இருப்பது ஈபிஎஸ் ஃபோம் (தெர்மாகோல் வகை). அதன் மணிகளுக்கு நடுவே காற்று இருக்கிறது, சூட்டில் விரியும். கையால் திருகும் வென்ட் என்றால் காரிலும் விமானத்திலும் திறந்து, தண்ணீரில் இறங்கும் முன் மூட வேண்டும். வளையம் காய்ந்து வெடித்திருந்தால் மாற்றுங்கள், சில வெள்ளிக் காசு. தானாக மூச்சு விடும் சவ்வு வென்ட் இருந்தால் தொட வேண்டாம். நம் ஊர் வெயிலில் திறந்த கார் நிறுத்தத்தில், கருப்பு கார்பன் போர்டை மூடி வைத்த வென்ட்டோடு கூரையில் கட்டிவிட்டுச் சாப்பிடப் போனால் திரும்பி வருவதற்குள் மேல்தளம் கொப்பளித்திருக்கும்.

சின்ன ஓட்டை இருந்தால் எப்பாக்சி ரெசின் மட்டும். பாலியெஸ்டர் ரெசின் பட்டால் அதிலுள்ள ஸ்டைரீன் ஈபிஎஸ்ஸைக் கரைத்துக் குழி ஆக்கிவிடும். பழைய ஃபைபர் சர்ஃப் போர்டுக்கு வாங்கிவைத்த டிங் ரிப்பேர் (ஓட்டை அடைக்கும் பசை) டப்பாவைச் சப்பில் போட்டுக் கெடுத்தவை நிறைய வருகின்றன.

#7 பத்தடி

கிழக்குக் காற்று தம்பி டெசாருவைப் பத்திச் சொன்னதுக்கு மறுப்பு இல்ல. ஆனா 2009 போர்டு சரியா திரும்பாததுக்குப் பாதிக் காரணம் ஃபின்னும் துடுப்பும். அதை மாத்தாமயே போர்டைக் குறை சொல்றாங்க.

அந்தக் காலத்துல 9, 10 அங்குல நடு ஃபின் போட்டுத் தந்தாங்க. நேரா போக நல்லது. அலையில டெயிலைப் பூட்டி வச்சுடும். அதைக் கழட்டிட்டு 6½ அல்லது 7 அங்குலம் போடுங்க. பக்க ஃபின்னை 4½ அங்குலமாப் பெருசாக்குங்க. மொத்தப் பரப்பு கிட்டத்தட்ட அதேதான், ஆனா பிடிப்பு நடுவுல இருந்து ரெயில் பக்கம் போயிடும். போர்டு சாயும்போது ரெயில் பக்கத்து ஃபின் வேலை செய்யும். பிறகு நடு ஃபின்னை நீளப் பாக்ஸ்ல முன்னால தள்ளினா இளகும், பின்னால தள்ளினா இறுகும். ஒரு தடவைக்கு 1 செ.மீ. மேல நகர்த்தாதீங்க. 2 செ.மீ. நகர்த்தினா வேற போர்டு மாதிரி ஆயிடும், எது காரணம்னு கண்டுபிடிக்க முடியாது.

துடுப்பு: அப்போ தலைக்கு மேல 8 அங்குலம், அகலமான பிளேடுன்னு விப்பாங்க. அது தட்டைத் தண்ணிக்கு. அலைக்குத் தலைக்கு மேல 3, 4 அங்குலம் போதும். பிளேடு 85 முதல் 95 சதுர அங்குலம். முழங்காலை மடக்கித் தாழ்வா இருக்கும்போது நீளத் துடுப்பு கையைத் தோளுக்கு மேல தூக்கிடும், தோள்பட்டை போயிடும். வெட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு: முதல்ல 2 அங்குலம் வெட்டி, கைப்பிடியைச் சூட்டுப் பசையால தற்காலிகமா ஒட்டிப் பாருங்க. வெட்டினதை ஒட்ட முடியாது.

இது ரெண்டும் பண்ணினா பழைய போர்டு வேற ஆளா மாறும். புது போர்டு வாங்கற காசுல சின்னப் பங்குதான் ஆகும்.

#8 கிழக்குக் காற்று

ஃபின் யோசனை அருமை அண்ணே, அதைச் செய்யாமல் யாரும் விற்கக் கூடாது. ஆனால் ரெயிலை ஃபின்னால் சரிசெய்ய முடியாது. பழைய போர்டின் ரெயில் நடுவில் 3 அங்குலத்துக்கும் மேல் தடிமன். வேகமாகப் போகும்போது அதைத் தண்ணீருக்குள் சாய்ப்பது காற்றடைத்த பந்தை அமுக்குவதற்குச் சமம்: அழுத்த அழுத்த வெளியே தள்ளும். அதனால்தான் பழைய போர்டில் ரெயிலில் சாய்ந்து திருப்ப முடியாமல், டெயிலுக்கு நடந்துபோய் அதை அமுக்கி, நோஸைத் தூக்கிச் சுழற்ற வேண்டியிருக்கிறது. புதியவற்றில் மேல்தளத்தை நடுவில் தடிமனாக வைத்து ஓரத்தை மெலிதாக இறக்கிவிடுகிறார்கள். சிலவற்றில் நிற்கும் இடத்தைக் குழித்துவிடுகிறார்கள். கால் தண்ணீருக்குப் பக்கத்தில் வருவதால் ஆட்டம் குறையும். டெயிலில் கடைசி 2 அடியில் அடிப்பக்க விளிம்பு கூராக இருக்கும், தண்ணீர் அங்கே ஒட்டாமல் விட்டுப் பிரியும்.

இப்போது பாலி. இங்கே புதிய வடிவத்தைப் புகழ்ந்தவர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பாலியில் மே முதல் செப்டம்பர் வரை வரும் இந்தியப் பெருங்கடல் அலைக்கு இடைவெளி 12 முதல் 16 நொடி. அதே உயரமானாலும் அதன் பின்னால் உள்ள தண்ணீர் அதிகம், பாறைத் திட்டில் வேகமாக உடையும். அங்கே வேகம் உண்டாக்கும் போர்டு தேவையில்லை, வேகத்தைத் தாங்கும் போர்டு தேவை. 20 அங்குல டெயில் அந்த வேகத்தில் தண்ணீரை விட்டு எழும்பும். ரெயில் பிடிக்காது, பக்கவாட்டில் வழுக்கும். கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று அடித்தால் அகல நோஸின் அடியில் புகுந்து போர்டை அலையின் உச்சியிலேயே நிறுத்திவிடும், இறங்க முடியாது. அங்கே டெயில் குறுகிய, நோஸ் கூரான, நோஸ் வளைவு அதிகமான வடிவம்தான் நிற்கும். அதாவது வெளிக்கோடு பழையது, ரெயில் புதியது.

அப்படிப்பட்ட போர்டுகள் இப்போது இருக்கின்றன: 8½ முதல் 9½ அடி, அகலம் 28 முதல் 29½, 120 முதல் 135 லிட்டர். நம் விவாதத்தில் விடுபட்ட மூன்றாவது வகை இதுதான். ஒரே ஒரு போர்டுதான் வைத்திருக்க முடியும், செராத்திங்குக்கும் பாலிக்கும் அதுவே போக வேண்டும் என்றால் பிடோக் துடுப்பின் எடைக்கு இதைத்தான் சொல்வேன்.

ஆண்டையும் விளம்பரத்தையும் விட்டுவிட்டு நீங்களே அளந்து பாருங்கள். போர்டைக் கவிழ்த்து, துண்டு விரித்த இரண்டு முக்காலியில் வையுங்கள். 2 மீட்டர் நேரான அலுமினியச் சட்டம் ஒன்றை நடுக்கோட்டில், போர்டின் சரிபாதியில் தொடும்படி வையுங்கள். சட்டத்தின் கோட்டிலிருந்து நோஸ் முனைக்கும் டெயில் முனைக்கும் இடைவெளி எத்தனை என்று ஸ்கேலால் எடுங்கள்; சட்டம் எட்டாத நீளத்துக்கு நூலை இழுத்துப் பிடியுங்கள். நோஸ் 4½ முதல் 5, டெயில் 2 முதல் 2½ அங்குலம் என்றால் நம் பருவக்காற்று அலைக்குப் பொருந்தும். டெயிலில் 3க்கு மேல் போனால் திருப்பம் சுலபம், ஆனால் பலமில்லாத அலையில் தண்ணீரை இழுத்துக்கொண்டே போகும். பிறகு டெயில் முனையிலிருந்து 1 அடி, நோஸ் முனையிலிருந்து 1 அடி, இரண்டு இடத்திலும் அகலம். கடைசியாக நடு ரெயிலை விரல்களால் கவ்விப் பாருங்கள். இத்தனையும் எழுதி இங்கே போடுங்கள், சொல்லிவிடலாம்.

#9 பன்னிரண்டாம் மாடி

வடிவ விவாதத்தில் யாரும் வீட்டைப் பற்றிப் பேசவில்லை. வீவக வீட்டில் (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி வீடு) இருப்பவர்களுக்கு அதுவே பாதி முடிவு. 10 அடி என்றால் 305 செ.மீ., பையோடு 315. 8 அடி 2 அங்குலம் 249, பையோடு 258 வரும். உங்கள் புளோக் மின்தூக்கியின் உள் உயரத்தையும் உள் ஆழத்தையும் அளங்கள். உயரம் 220, ஆழம் 140 என்று வைத்துக்கொண்டால் மூலைக்கு மூலை 261 செ.மீ. போர்டுக்குத் தடிமன் இருப்பதால் முழு 261ம் கிடைக்காது. பையைக் கழற்றினால் 8 அடி 2 மட்டுமட்டாகப் போகும். 10 அடிக்கு வழியே இல்லை, படிக்கட்டுதான். படிக்கட்டுத் திருப்பத்தில் நோஸ் இடிபட்டு விழும் அடிகள் கடலில் விழுவதைவிட அதிகம்.

வெளி நடைபாதையில் சாத்தி வைக்கும் எண்ணம் இருந்தால், குடிமைத் தற்காப்புப் படையின் விதிப்படி 1.2 மீட்டர் வழி தடையில்லாமல் இருக்க வேண்டும். 31 அங்குல போர்டு படுக்கையாக 79 செ.மீ. எடுத்துக்கொள்ளும்.

#10 நீரோட்டம்

கிழக்குக் காற்று, பத்தடி அண்ணே, இருவருக்கும் நன்றி. 29 அங்குலம், 93 லிட்டரில் ஒன்று பார்க்கிறேன். குட்டைப் போர்டு ஒவ்வொரு தள்ளுக்கும் மறுபக்கம் திரும்புகிறது என்பதற்கு என்ன செய்வது?

#11 பத்தடி

துடுப்பு செங்குத்தா இருக்கணும். மேல் கை போர்டுக்கு வெளியே, தண்ணிக்கு மேல வரணும். சாய்ச்சுப் போட்டா அது தள்ளு இல்ல, திருப்பு. முன்னால ஒரு அடி வெளிப்பக்கம் நட்டு, நோஸை நோக்கி உள்ளே இழுத்து, அப்புறம் ரெயிலோட ஒட்டிப் பின்னால கொண்டுவாங்க. கால் பக்கம் வந்ததும் வெளியே எடுத்துடணும். காலைத் தாண்டிப் பின்னால இழுத்தா அதுதான் போர்டைத் திருப்பும், டெயிலையும் அமுக்கும். ஈஸ்ட் கோஸ்ட்ல அலைதடுப்புக் கல்லுக்கு உள்பக்கம் இதை ஒரே பக்கமா எட்டுத் தள்ளு நேரா போற வரைக்கும் பழகுங்க.

ஏப்ரல்ல இருந்து நவம்பர் வரைக்கும் விடிகாலையில வர்ற சுமத்ரா சூறைக்காத்தை மட்டும் மறக்காதீங்க. மேற்கே வானம் கறுத்தா கரைக்கு வந்துடுங்க. நின்னுக்கிட்டு இருக்கிற ஆள் பாய்மரம் மாதிரி, நேரா கப்பல் பாதைக்குத் தள்ளிக்கிட்டுப் போகும்.

#12 பிடோக் துடுப்பு

அளந்துவிட்டேன். 8 அடி 2 போர்டு: நோஸில் 1 அடி கீழே 20¾ அங்குலம், டெயிலில் 1 அடி மேலே 19½. நோஸ் வளைவு 4¾, டெயில் 2¼. ரெயில் மெலிது, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சுலபமாகக் கவ்வுகிறது. தட்டிப் பார்த்ததில் மொத் சத்தம் எங்கும் இல்லை. ஆனால் எடை: தயாரிப்பாளர் சொல்வது 8.3 கிலோ. ஃபின், லீஷ் இல்லாமல் 9.6 காட்டுகிறது. வலது பக்க ஃபின் பாக்ஸின் முன்முனையில் மெல்லிய கோடு இருக்கிறது.

#13 எப்பாக்சி

1.3 கிலோ. தண்ணீர்தான். வழி அந்த ஃபின் பாக்ஸ்.

வாங்குவதானால் விற்பவரிடம் இதைக் காட்டி, ரிப்பேர் செலவைக் கழித்துக் கேளுங்கள். வேலை இப்படி: வென்ட்டைத் திறந்து, விரிசல் உள்ள பக்கம் தாழ்வாக வரும்படி நிழலில் சாய்த்து வைக்க வேண்டும். விரிசலுக்குப் பக்கத்தில் சின்னத் துளை போட்டால் வடியும். வாரா வாரம் எடை போடுங்கள். எடை இறங்குவது நின்ற பிறகுதான் மூட வேண்டும். ஈபிஎஸ்ஸில் இது வாரக் கணக்கு. அவசரப்பட்டு வெயிலில் வைக்காதீர்கள், உள்ளே இருக்கும் நீராவி தோலைத் தூக்கிவிடும். வடிந்த பின் பாக்ஸைச் சுற்றி விரிசல் முடியும் இடம் வரை தேய்த்து, கண்ணாடி இழைத்துணி இரண்டு அடுக்கு, எப்பாக்சி. விரிசல் மேல் வெறும் பசையைத் தடவினால் முதல் திருப்பத்திலேயே மறுபடி திறக்கும்.

பாக்ஸே உள்ளே ஆடினால் வாங்காதீர்கள். அதைத் தோண்டி எடுத்துப் புதிதாக வைப்பது தனி வேலை.

#14 கிழக்குக் காற்று

பாக்ஸ் ஆடவில்லை, விலையும் இறங்கியது என்றால் வாங்கலாம். அளவு எல்லாம் டெசாருவுக்கும், நெஞ்சளவு செராத்திங்குக்கும் எழுதி வைத்ததுபோல் இருக்கிறது. பாலிக்கு இதைக் கொண்டுபோகாதீர்கள், அங்கே வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். பழைய 10 அடியைப் பத்தடி அண்ணன் சொன்ன ஃபின்னோடு வைத்திருங்கள், இடம் இருந்தால்.

முதல் நாள் மூன்று ஃபின் போடுங்கள், நடு ஃபின் பக்க ஃபின்னை விடக் கொஞ்சம் பெரிதாக, நேராகப் போகும். துடுப்பு பழகிய பிறகு நான்கு ஃபின்னுக்கு மாறலாம். 19½ அங்குல டெயிலில் நடு ஃபின் ரெயிலிலிருந்து வெகு தூரம். சாயும்போது அது பாதி வெளியே வந்துவிடும். நான்கு ஃபின் ரெயிலோரமே இருப்பதால் பிடிப்பு விடாது, தட்டையான பகுதியிலும் வேகம் நிற்கும்.

ஏறும்போது 10 அடியில் பழகியதைச் செய்தால் தவறவிடுவீர்கள். வெளியே நின்று ஆறேழு நீளத் தள்ளு போடும் பழக்கத்தை விட்டு, அலை முகம் எழும்பும் இடத்தில் நின்று, பின்கால் ஏற்கெனவே பின்னால் இருக்க, மூன்று நான்கு குட்டையான வேகத் தள்ளு. நோஸை நேராகக் கரைக்கு வைக்காமல், போகப்போகும் பக்கம் கொஞ்சம் திருப்பி வையுங்கள். டெயில் தூக்கும்போது எடை முன்காலில் ஒரு நொடி இருக்கட்டும். ஓடத் தொடங்கியதும் பின்காலுக்கு. ஆரம்பத்திலேயே பின்காலில் சாய்ந்தால் அகல டெயில் தண்ணீரைப் பிடித்து நிறுத்தும், அலை அடியில் போய்விடும்.

லீஷ் 8 அடி போதும். 10 அடி லீஷை இதில் மாட்டினால் தண்ணீரில் இழுபடும், காலிலும் சுற்றும்.

#15 பத்தடி

வரிசை ஒழுங்கையும் சேர்த்துக்கோங்க. நீளப் போர்டுல வெளியவே எல்லா அலையும் பிடிக்க முடியும்கிறதுக்காக எல்லாத்தையும் எடுக்கக் கூடாது. செராத்திங்ல படுத்துத் துடுப்பு போடறவங்களும் கத்துக்கிற பிள்ளைங்களும் உள்பக்கம் இருப்பாங்க. ஒண்ணு எடுத்தா அடுத்த ரெண்டை விடுங்க. விழும்போது போர்டு உங்களுக்கும் அலைக்கும் நடுவுல வராம பாத்துக்கோங்க. 13 கிலோ போர்டு நுரையில 10 அடி லீஷோட முழு நீளத்துக்கும் போகும், போர்டோட நீளத்தையும் கூட்டினா 20 அடிக்குள்ள யாரும் இருக்கக் கூடாது.

#16 பிடோக் துடுப்பு

பாக்ஸ் ஆடவில்லை. விற்பவர் விலையைக் குறைக்கச் சம்மதித்துவிட்டார்; சனிக்கிழமை எடுத்துவந்து வென்ட்டைத் திறந்து சாய்த்து வைக்கிறேன். 10 அடிக்கு 7 அங்குல நடு ஃபின், 4½ அங்குலப் பக்க ஃபின் சொல்லிவிட்டேன். எப்பாக்சி அண்ணா, துளை எத்தனை மில்லிமீட்டர்?

#17 எப்பாக்சி

3 மி.மீ. தோலைத் தாண்டி 1 செ.மீ. ஆழம் போதும். டிரில் முனையில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், மறுபக்கம் வரை போய்விடக் கூடாது.